அடைக்கூடையில் செள்ளு

இன்று காலை கோழிக்கூட்டின் பலகை இடுக்குகளில் சுண்ணாம்பு பூசினேன். அந்த ஈர வாசம் ஏறியதும், முழங்கை வரை வெள்ளையாய் நின்று சிரித்த உன் முகம் வந்துவிட்டது.

தேவாரம் ஊரில் நம் வீடுகளுக்கு நடுவே ஒரு வேலிதான். பதினொன்றாம் வகுப்பு விடுமுறையில் எங்கள் புள்ளிக்கோழி அடையில் உட்கார்ந்தது. மற்றவை எல்லாம் நோயில் போய், மிஞ்சியது அது ஒன்றுதான். அந்த முட்டைகள் பொரித்தால்தான் வீட்டில் மறுபடி கோழி. இடிக்குக் கரு கலங்காமலிருக்க அம்மா கூடையில் அடுப்புக்கரியும் இரும்பாணியும் போட்டிருந்தாள். கோழியோ அடிக்கடி எழுந்து ஓடியது. இறகுக்கடியில் செள்ளு, ரத்தம் குடிக்கும் பொடிப்பூச்சி. சாம்பல் தேய்த்தோம். மறுநாளும் எழுந்து ஓடியது.

நீதான் வைக்கோலுக்கடியில் கைவிட்டாய். விரலெல்லாம் சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தன.

"கோழி என்னடி செய்யும்? படுக்கையில்ல கடிக்குது!"

அம்மா கூடையைத் தொடவிடவில்லை. "அடை வச்சதக் கலைச்சா அம்புட்டும் கூமுட்டையாப் போயிரும் ஆத்தா."

"கோழி உக்காரலைன்னா, கரியும் ஆணியுமா பொரிக்கும் அத்தை?"

அம்மா சிரித்துவிட்டாள். அதுவே சம்மதம்.

கால்நடை மருந்தகத்தில், "நீ கேளு. நான் வாசல்ல நிக்கிறேன்" என்று என்னை உள்ளே தள்ளினாய். முணுமுணுத்து, ஒரு பொட்டலத்தோடு வெளியே வந்தேன்.

"டாக்டரம்மா என்ன சொன்னாக?"

"கோழிக்குத் தேய்க்கச் சொன்னாக."

"கூட்டுக்கு?"

நான் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"காலேசுக்குப் போகணுங்கிறவ வாயில என்ன கொழுக்கட்டையா? திரும்பப் போடி."

போனேன். கூட்டின் இடுக்குகளுக்கும் மருந்து தந்தார்கள். செள்ளின் முட்டை பிறகு பொரிக்கும், ஒரு வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும் என்றார்கள்.

முட்டைகளைச் சூடு போகாமல் அம்மாவின் பழஞ்சேலையில் சுற்றினோம். பழைய வைக்கோலை எரித்தோம். கூட்டின் இடுக்குகளில் மருந்தடித்த பிறகு, நீ முழங்கை வரை அப்பிக்கொண்டு சுண்ணாம்பு பூசினாய். புதுக்கூடை, புதுமணல். கோழி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு உட்கார்ந்தது. பிறகு ஒருநாள் நீ ஒரு முட்டையை என் காதில் வைத்தாய்.

"கேக்குதா? ஒன்ன மாதிரி இல்ல, உள்ள இருந்தே கத்துது."

நம் தெருவில் முதல் ஆளாக நான் கல்லூரிக்குப் போனேன். அதற்கு மறுவருடம் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனது. கூட்டில் இப்போது இருப்பவை அந்தப் புள்ளிக்கோழியின் வழி வந்தவை. அவற்றுக்கும் செள்ளு வருகிறது.

நேற்று மருந்தகத்தில் கூட்டம். படியில் சற்று நின்றேன். பிறகு உள்ளே போய், எல்லோருக்கும் கேட்கும்படி, "கோழிக்கும் வேணும், கூட்டுக்கும் வேணும்" என்றேன்.

வெளியே வந்ததும் இரண்டு பொட்டலங்களையும் வாசல் பக்கம் தூக்கிக் காட்டினேன், பழக்கத்தில்.