சாமி பார்க்கிற பாடம்

பெக்கோக் ரப்பர் தோட்டம், மலாயா, 1932 ஐப்பசி, செவ்வாய் இரவு.

சாமி எந்நேரமும் கூடவே இருக்கிறார், எல்லாவற்றையும் பார்க்கிறார் என்று நேற்று தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இன்று ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் ஆறு வயது வள்ளி, தோட்டக் கணக்கெழுதும் கிராணியிடம், "அம்மா பால்ல தண்ணி ஊத்துச்சு. சாமி பாத்துச்சு" என்று சொல்லிவிட்டாள். அவள் அம்மா அஞ்சலைக்கு இன்றைய கூலி இல்லை.

சாயங்காலம் அஞ்சலை என் வாசலில் வந்து நின்றாள்.

"நாங்க பட்டினி கெடந்ததையும் சாமி பாத்துச்சுன்னு சொன்னீங்களா, வாத்தியாரய்யா?"



கிராணிக்கோ ஒரே சந்தோஷம். இந்தப் பாடத்தைத் தினமும் நடத்த வேண்டுமாம். இஷ்டமில்லையென்றால் வேறு வாத்தியாரைப் பார்த்துக்கொள்வாராம். நாளை பாடத்தைக் கேட்க அவரே வருகிறார்.

முன்வரிசையில் வள்ளி இருப்பாள். சாமி வேறென்ன பார்த்தது என்று அவர் கேட்டால் கையைத் தூக்குவாள்.