சோப்புக் கம்பெனி வைத்த பெயர்

1952 செப்டம்பர் 11, வியாழன்

இன்று முழு நாடகத்தையும் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நின்றே முடித்தேன். போன வாரம் சோபா, அதற்கு முந்தின வாரம் துணிக்கூடை. அரை மணி நேரம் ஒரே சட்டையைத் தேய்த்தேன். பார்த்தவர்கள் அந்தச் சட்டைக்காகப் பரிதாபப்பட்டிருப்பார்கள்.

நாடகத்தில் என் புருஷனாக வரும் மான்ட்டிக்கு ஒரே கொண்டாட்டம். "ஏய் லின், உன் வயிறு போற போக்குக்கு இந்தச் சாமானெல்லாம் பத்தாது. அடுத்த வாரம் உன்னை பியானோவுக்குப் பின்னாடி நிறுத்தி, பியானோவுக்கும் ஒரு வசனம் குடுப்பாங்க பாரு."

'கர்ப்பம்' என்ற சொல் தொலைக்காட்சியில் வரக் கூடாதாம். நிகழ்ச்சிக்குப் பணம் தரும் சோப்புக் கம்பெனியின் உத்தரவு. சுத்தமான வீடுகளுக்குள் போகிற நிகழ்ச்சியாம். அந்தச் சுத்தமான வீடுகளில் பிள்ளைகள் எப்படித்தான் வந்தார்களோ.

செப்டம்பர் 19

இன்று அசைந்தது! டுவைட்டிடம் சொன்னேன். "மத்தியானம் தின்ன முட்டைக்கோஸா இருக்கும்" என்கிறான் என் நிஜப் புருஷன். ஆனாலும் சாப்பிட்டு முடிக்கும்வரை என் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

எல்லாம் தலைகீழாகிவிட்டது. நாடு முழுவதும் பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். சாக்குச் சாக்காகக் கடிதம் வருகிறது. சோப்புக் கம்பெனிக்கு இப்போது என் வயிறு தங்கமாகத் தெரிகிறது. கதையிலும் குழந்தை பிறக்கப் போகிறது. அதற்குப் பெயர் வைக்கப் போட்டி வேறு! பெயரை எழுதி, சோப்பு உறையோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.

தயாரிப்பாளர் பிரேகரிடம், "அப்போ இனிமே அந்த வார்த்தையைச் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"ஐயையோ, அது மட்டும் வேணாம்மா. 'விசேஷம்'னு வெச்சுக்குவோம்."

விசேஷம் வரலாம், கர்ப்பம் வரக் கூடாது. நல்ல நியாயம்.

அக்டோபர் 26, ஞாயிறு

ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே டுவைட்டிடம் சொன்னேன், பெண் பிறந்தால் மாரித் என்று வைக்க வேண்டும் என்று. மினசோட்டாவில் எங்கள் தெருவில் பாதிப் பேர் நார்வேக்காரர்கள். அங்கே இந்தப் பெயர் சாதாரணம். நியூயார்க்கில் ஒருவருக்கும் வாயில் நுழையாது. ஆர்லிஸ் என்ற என் பெயரே நுழையாமல்தானே லின் ஆக்கினார்கள்.

"முதல்ல பொறக்கட்டும்" என்றான். பிறகு, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஒரு முறை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தான்.

டிசம்பர் 2

குழந்தை இல்லை.

டிசம்பர் 5

மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காட்டவில்லை. காட்டுவது வழக்கமில்லையாம். தலையணை உறை மாற்ற வந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பிறகுதான் சொன்னாள் — பெண் குழந்தை.

எங்கே கொண்டுபோனார்கள்? டுவைட்டிடம் கேட்டால், "அதையெல்லாம் பேச வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். மறந்துட்டா சரியாப் போயிடும்" என்கிறான். மறக்கறதுக்கு நான் என்னத்தைப் பாத்தேன்? மூஞ்சியையாவது பாத்திருந்தா மறக்கலாம்.

டிசம்பர் 8

பிரேகர் ரோஜாப் பூக்களோடு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்த வேலையை விடவில்லை.

"ஊரே காத்துக்கிட்டிருக்கு, லின். பேர்ப் போட்டியை இப்போ நிறுத்த முடியாது. நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. செத்த குழந்தையைப் பத்தி சோப்பு விக்கிற நிகழ்ச்சியில எப்படிம்மா பேசறது?"

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"வயித்துல ஏதாவது கட்டிக்கிட்டா..."

டுவைட் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டான். அவன் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடும் சத்தத்தில் நின்றுகொண்டிருந்தான்.

நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன்? வீட்டிலிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நினைத்தேன். நடிக்கத்தானே தெரியும் எனக்கு.

டிசம்பர் 18, வியாழன்

உடை அலங்காரம் செய்யும் கார்மெலா பஞ்சை வைத்து ஒரு வயிறு தைத்திருக்கிறாள். கனம் வேண்டும் என்று உள்ளே அரிசி போட்டிருக்கிறாள். கட்டிவிடும்போது, "இறுக்கமா இருக்கா கண்ணு?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. முகப்பூச்சு கலைந்தால் மறுபடி போட நேரமிருக்காது.

மான்ட்டி இன்று ஒரு கேலியும் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

1953 ஜனவரி 14

இப்போது வெளியே போகும்போதும் அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். யாராவது பார்த்துவிட்டால் கதை கெட்டுவிடுமாம். மார்க்கெட்டில் ஒரு அம்மாள் தன் பையைக் கீழே வைத்துவிட்டு என் வயிற்றில் கை வைத்தாள். "எட்டி உதைக்குதா?"

"ஆமாங்க, ரொம்ப" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யாரும் எழுதித் தராத வசனம் அது.

ஜனவரி 30

வீட்டுக்கு வந்தும் கழற்றவில்லை. டுவைட் பார்த்தான். அவிழ்த்து, அலமாரியில் வைத்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

பெயரைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. சூஸி. ஒஹாயோவில் ஒரு பெண்மணி அனுப்பியது. அவளுக்குச் சலவை இயந்திரம் பரிசு. 'சூஸியின் சோப்பு' என்று உறைகளே அச்சாகிவிட்டன. நாட்டில் எல்லார் குளியலறையிலும் சூஸி இருப்பாள்.

என் குழந்தையின் பெயரை இரண்டு பேர் மட்டுமே உச்சரித்திருக்கிறோம். அதில் ஒருவர் சத்தமில்லாமல்.

பிப்ரவரி 27, வெள்ளி

நேற்று நாடகத்தில் குழந்தை பிறந்தது.

வாடகைக் குழந்தை. அதன் தாய் திரைக்குப் பின்னால் பால் புட்டியோடு நின்றாள். ஒத்திகையில் பொம்மையை வைத்தே செய்திருந்தோம். ஒளிபரப்பில்தான் முதல் முறையாக அதை என் கையில் கொடுத்தார்கள். சூடாக இருந்தது. இவ்வளவு சூடாக இருக்கும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டது.

'சூஸிக்கண்ணு, அப்பாவைப் பாரு' — இதுதான் என் வசனம். எத்தனை முறை மனப்பாடம் செய்திருப்பேன்!

"மாரித், அப்பாவைப் பாரு" என்றேன்.

நேரலை. அழிக்க முடியாது, திரும்ப எடுக்க முடியாது. கேமராவுக்குப் பின்னால் பிரேகர் தலையில் கை வைத்துக்கொண்டார். பரிசு வாங்க வந்திருந்த ஒஹாயோப் பெண்மணி முதல் வரிசையில் வாயைப் பிளந்தாள். மான்ட்டிதான் சமாளித்தான். "மாரித்தா? பொறந்து ஒரு நாள்கூட ஆகல, அதுக்குள்ள ரெண்டாவது பேரா? பாவம்டி, சூஸியே போதும்!"

எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் பெயரைக் கேட்டு ஒரு அரங்கமே சிரித்தது. மான்ட்டி மேல் தப்பில்லை; அவனுக்கு எப்படித் தெரியும்? நானும் சிரித்தேன்.

வாய் தவறி வந்ததா, வேண்டுமென்றே சொன்னேனா? சத்தியமாக எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 28

வேலை போய்விட்டது. இரண்டு வாரத்துக்கு என் பாத்திரம் பிறந்தகம் போயிருப்பதாகச் சொல்வார்களாம். திரும்பி வரும்போது வேறு நடிகையாக வருவாளாம். "கம்பெனிக்காரங்க கொதிச்சுப் போயிருக்காங்க லின், என்னால ஒண்ணும் பண்ண முடியல" என்றார் பிரேகர் தொலைபேசியில். கார்மெலாவிடம் கொடுத்துவிடச் சொல்லி அரிசி வயிற்றை அனுப்பிவிட்டேன்.

மார்ச் 3

இன்று காப்பி ஆறிப்போகும்வரை டுவைட் கிளம்பவில்லை. அவன் வீடு வீடாகப் போய்த் தொலைக்காட்சிப் பெட்டி ரிப்பேர் செய்கிறவன். போன வியாழனன்று நாடக நேரத்தில் ப்ராங்க்ஸில் ஒரு வீட்டில் இருந்திருக்கிறான்.

"படம் வரல, வெறும் சத்தம்தான் வந்துச்சு. பெட்டியைப் பிரிச்சு வெச்சிருந்தேன். நீ அந்தப் பேரைச் சொன்ன. அந்த வீட்டம்மா, 'என்ன இவ பேரை மாத்திச் சொல்றா'ன்னு கத்துச்சு. எனக்குக் கை ஓடல. பாத்ரூம் எங்கேன்னு கேட்டு உள்ள போயிட்டேன், ஆர்லிஸ்."

அவன் அடுத்துச் சொன்னது இது.

"நான்தான் கொண்டு போனேன். நீ தூங்கிட்டிருந்த. சின்னப் பெட்டி. மடியில வெச்சுக்கிட்டுப் போனேன். டாக்டர் சொல்ல வேணாம்னாரு. மொகம்... உன்னை மாதிரி தாடை."

மூன்று மாதமாக ஒரே கட்டிலில் படுத்திருக்கிறோம். அத்தனை நாளும் அந்த முகம் அவனிடம் இருந்திருக்கிறது. அவனை அடித்தேன். நிஜமாகவே அடித்தேன், தோளில், மார்பில். வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

மார்ச் 8, ஞாயிறு

குயின்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். குழந்தைகளுக்கென்று வேலியோரம் ஒரு பகுதி. கல்லில்லை, பெயரில்லை. டுவைட் தடுமாறாமல் நேராக அந்த இடத்துக்கு நடந்தான். எனக்குத் தெரியாமல் அடிக்கடி வந்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஈர மண்ணைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இலை கூட்டிக்கொண்டிருந்த காவல்காரர் பக்கத்தில் வந்தார். என் முகத்தையே உற்றுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார்.

"நீங்க டிவில வர்றவங்கதானே? என் பொஞ்சாதி ஒரு வாரம்கூடப் பாக்காம விடமாட்டா. பாப்பா நல்லா இருக்காளா?"

வாயெடுத்தேன். நல்லா இருக்கா என்று சொல்லித்தான் பழக்கம்.

டுவைட் முந்திக்கொண்டான். "இல்லைங்க" என்றான். "மாரித் இங்கதான் இருக்கா."