டீச்சர் நேர்ந்த மொட்டை

டீச்சர்,

போன வெள்ளிக்கிழமை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவன் கூடையை இறக்கி மேலே கிடந்த சாக்கை விலக்கினான். கொடைக்கானல் பிளம்ஸ். சின்னச் சின்னதாக, கருஞ்சிவப்பாக, மேலே சாம்பல் பூசியது போல இருக்குமே, அது. அந்தப் புளிப்பு வாசனை வந்ததும் கையில் இருந்த காயைப் போட்டுவிட்டு நின்றுவிட்டேன். "என்னம்மா, வேணுமா வேணாமா? யாவாரத்தக் கெடுக்காதீங்க" என்று காய்க்காரி அதட்டினாள். மே மாதம் பிறந்துவிட்டது, நீங்கள் இல்லாத முதல் மே மாதம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திண்டுக்கல்லில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நீங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்பதால் தெருவே உங்களை டீச்சர் என்றது, நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பிள்ளைகளுக்கு டீச்சர் அத்தை. பள்ளிக்கூடம் மூடிய மறுவாரம் இரண்டு வீட்டையும் பூட்டிக்கொண்டு செண்பகனூரில் உங்கள் தம்பியின் தகரக்கூரை வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். தம்பி குடும்பம் அதே வாரம் சமவெளிக்கு, மாமியார் வீட்டுக்கு இறங்கும். சாவி பக்கத்துக் கடையில் இருக்கும்.

வத்தலக்குண்டு தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியதும் என் வீட்டுக்காரர் செய்கிற அட்டகாசம் நினைவிருக்கிறதா? வளைவு வரும்போதெல்லாம் என் பாபுவையும் வள்ளியையும் உங்கள் ஸ்டெல்லாவையும் ஒரே பக்கமாகச் சாயச் சொல்லி, தன் உடம்பையும் சாய்த்து, பக்கத்து சீட்டுக்காரர் மடியில் போய் விழுவார். "மன்னிச்சுக்கங்க சார், ரோடு சரியில்ல" என்பார். வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு எலுமிச்சம்பழத்தை நீட்டிக்கொண்டே நீங்கள் சிரிப்பீர்கள். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அப்படி அடித்துக்கொள்வதற்கு ஒரு ஆள் இருந்தது எவ்வளவு பெரிய சுகம் என்று அப்போது தெரியவில்லை.

அவர் ஒரு சித்திரை மாதத்தில் ஆபீஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை. அந்த வருடம் மலைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எங்களுக்குத் துணையாக மாமா வந்து தங்கினார். என் மாமனார் கெட்டவர் இல்லை, ஊர் வாய்க்குப் பயந்தவர். புருஷன் போனவள் பொட்டுக்கடலை வாங்கக் கடைக்குப் போனாலும் நாலு பேர் பார்ப்பார்கள் என்று அவரே பை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நானும் கொல்லைக்கும் அடுப்படிக்குமாக நடந்தே ஒரு வருடத்தைக் கழித்தேன்.

தலைத்திவசம் முடிந்து மறுபடியும் மே மாதம் வந்தது. ஒரு சாயங்காலம் கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா, "எப்படா கொடைக்கானல் போறோம்?" என்று கேட்டாள். பாபு பெரிய மனுஷன் மாதிரி பதில் சொன்னான்: "நீங்க போங்க. அப்பா இல்லாத வீட்ல ஊர் சுத்தப் போகக்கூடாதாம். நாங்க இனிமே எங்கயும் போக மாட்டோம்."

அவனுக்கு எட்டு வயது. அதைச் சொல்லும்போது அவன் அழக்கூட இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. என் கை சாம்பலோடு அப்படியே நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் துவைத்துக்கொண்டிருந்த சத்தமும் நின்றது.

மறுநாள் வெள்ளனே எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். மாமா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள், இன்ஸ்பெக்‌ஷன் வந்த அதிகாரி முன்னால் நிற்பது போல.

"ஐயா, ஒரு விசயம் சொல்லணும்ங்க. பாபு அப்பா பழனிக்கு ஒரு நேர்த்தி வச்சிருந்தாரு. ரெண்டு புள்ளைகளுக்கும் முடி இறக்கணும்னு. எங்க வீட்டுக்காரர்கிட்ட அவர் வாயாலயே சொன்னாருங்க. வருசமும் கழிஞ்சிருச்சு. செத்தவங்க நேர்த்திய அப்படியே வச்சிருக்கலாங்களா?"

அடுப்படியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒரு நேர்த்தியை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மாமா அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "கூட யாரு போவா?" என்றார்.

"நான் போறேங்க."

"நீங்க வேதக்காரவுக. பழனிக்கா?"

"படி ஏறக் கால் இருந்தாப் போதாதுங்களா? ஆனா, வர நாலஞ்சு நாள் ஆகும்ங்க. லீவு நேரம், கூட்டமா இருக்கும்."

திண்டுக்கல்லில் இருந்து பழனிக்குக் காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்பது எங்கள் தெருவில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும். மாமா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ம். கூட்டந்தான்" என்றார்.

கொல்லையில் வைத்து உங்களைப் பிடித்துக்கொண்டேன். "சாமி பேர்லயா டீச்சர் பொய் சொல்றது?"

"ஏன், உங்க சாமி கோவிச்சுக்குமா?"

"உங்க சாமி கோவிச்சுக்காதா?"

"அதை ஞாயித்துக்கிழமை நான் போயிப் பேசிக்கிறேன். நீங்க வெரசாத் துணிய எடுத்து வைங்க, பாபு அம்மா. பொய்யா இருந்தாலும் மொட்டைய நெசமா அடிச்சிரணும். இல்லாட்டி ஐயா கண்டுபிடிச்சிருவாரு."

இப்படித்தான் டீச்சர், இல்லாத நேர்த்தியைத் தீர்க்க நாம் பழனிக்குப் போனோம். உங்கள் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், வீட்டைப் பெருக்கி வைக்க முன்னாலேயே செண்பகனூர் போய்விட்டார். பாபுவும் வள்ளியும் சமர்த்தாக உட்கார்ந்து தலையைக் கொடுத்தார்கள். அழுதது ஸ்டெல்லாதான். அவர்களுக்கு மட்டும் மொட்டை, தனக்கு இல்லையா என்று தரையில் புரண்டாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், அவளைப் பார்த்தீர்கள். "இதையும் வழிச்சு விடுங்கண்ணே" என்று நாவிதரிடம் சொல்லிவிட்டீர்கள். சந்தனம் பூசிய மூன்று தலைகளும் அன்றைக்குப் படியில் ஓடிய ஓட்டத்தில் நாம் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினோம்.

செம்பட்டியில் வண்டி மாறி, வத்தலக்குண்டில் மறுபடி மாறி மலை ஏறினோம். பெருமாள்மலைப் பக்கம் மேகம் இறங்கி மழை பிடித்துக்கொண்டது. வள்ளியின் பல் கடகடவென்று அடிக்கும் சத்தம் கேட்டு நான் திரும்பினேன். மூன்று மொட்டைத் தலைகளிலும் மயிர்க்கால் புள்ளி புள்ளியாகக் குத்திட்டு நின்றன. ஸ்வெட்டர் கொண்டுவந்த நமக்குக் குல்லா கொண்டுவரத் தோன்றவில்லை. குளிருகிற ஊருக்குக் கூட்டிப்போகிற பிள்ளைகளுக்குத் தலையை வழித்துவிட்டுக் கூட்டிப்போன கெட்டிக்காரிகள் உலகத்திலேயே நாம் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். "நான் நாப்பது புள்ளைகளுக்குப் பாடம் நடத்துறேன், பாபு அம்மா. யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்று நீங்கள் முந்தானையால் இரண்டு தலையை மூடினீர்கள். மிச்சத் தலை என் மடிக்குள் இருந்தது.

அண்ணன் கதவைத் திறந்ததும் ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். "ஏ, ஸ்டெல்லாவுக்குமா! மாதா கோயில்ல சாமியாரு கேட்டா என்ன சொல்லுவ?"

"பேனுன்னு சொல்லுவேன். தள்ளுங்க, புள்ளைக நனைஞ்சு நிக்குதுக."

உள்ளே போனதும் உங்கள் தம்பியின் பழைய ஸ்வெட்டரை எடுத்து, அவரைக் கேட்காமலேயே இரண்டு கைகளையும் வெட்டினீர்கள். ஒரு முனையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் குல்லா. மூன்றாவது கை இல்லாததால் ஸ்டெல்லாவுக்கு உங்கள் ஸ்கார்ஃப். அடுத்த நாள் ஏரிக்கரையில் சைக்கிள் விட்டவர்களெல்லாம் இறங்கி நின்று நம் பிள்ளைகளை வேடிக்கை பார்த்தார்கள்.

படகுத்துறைக்கு வந்ததும் நான் நின்றுவிட்டேன். அந்த ஏரியில் அவர் துடுப்புப் போடாமல் நான் படகு ஏறியதே இல்லை. நீங்கள் எல்லோரும் போங்கள், நான் கரையில் பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அழாதீர்கள் என்று நீங்கள் சொல்லியிருந்தால் ஓடியே போயிருப்பேன். நீங்கள் அதைச் சொல்லவில்லை.

"வள்ளி உங்க மூஞ்சியவே பாத்துட்டு நிக்குது. நீங்க ஏறுனாத்தான் அது ஏறும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

ஏறினேன். நடு ஏரியில் ஒரு காற்று அடித்து, பாபுவின் ஸ்வெட்டர் கை பறந்து தண்ணீரில் விழுந்தது. "என் குல்லா! மாமா, என் குல்லா!" என்று அவன் கத்த, அண்ணன் துடுப்பால் அதை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். அவருக்குப் படகு விடத் தெரியாது, எப்போதும் என் வீட்டுக்காரர் விடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தவர்தான். படகு இருந்த இடத்திலேயே சுற்றியது. குல்லா ஒரு பக்கம் போக நாம் ஒரு பக்கம் போனோம். பாபு எழுந்து நின்று மொட்டைத் தலையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் மாமா! ஐயோ, அந்தப் பக்கம்!" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். வயிறு வலிக்கிற சிரிப்பு. அடக்க அடக்க வந்தது. "பாபு அப்பா இருந்தா இன்னேரம் குதிச்சிருப்பாரு" என்று நீங்கள் சொன்னீர்கள். உண்மைதான், பேண்டோடு குதித்திருப்பார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த ஒரு வருடமும் பிள்ளைகள் தூங்கிய பிறகே அழுதவள், அன்று அவர்கள் முன்னாலேயே உடைந்து அழுதேன், சிரிப்பும் நிற்கவில்லை. வள்ளி என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மா சரியாயிருச்சு" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னாள். குழந்தை வாயில் எப்படித்தான் அது வந்ததோ.

நாலு நாள் கழித்து வீடு திரும்பினோம். பிள்ளைகளிடம் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தோம்: பழனி, கூட்டம், வரிசை. மாமா வாசலிலேயே நின்றார். வள்ளி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு, "தாத்தா, குல்லா தண்ணில போயிருச்சு, மாமா சுத்திச் சுத்திப் படகு ஓட்டுனாரு!" என்றாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான் தலை குனிந்து நின்றேன். இனி இந்தத் தெருவை நான் பார்க்கவே முடியாது என்று நினைத்தேன்.

மாமா வள்ளியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு உங்களைப் பார்த்துச் சொன்னார்:

"டீச்சரம்மா, எம் மகன் எந்தச் சாமிக்கும் நேந்துக்கிட்டதில்ல. நாங்க கோயிலுக்குப் போனா அவன் வெளிய நின்னு செருப்புக்குக் காவல் இருப்பான். உள்ள வரமாட்டான்."

மாமா வள்ளியைத் தூக்கிக்கொண்டார்.

"தெரிஞ்சுதான் அனுப்புனேன். என் வாயால போங்கன்னு சொல்லத் தைரியம் இல்ல, நீங்க ஒரு வழி சொன்னீக. அடுத்த வருசம் புள்ளைக தலைய விட்ருங்க. சும்மாவே போயிட்டு வாங்க."

சொல்லிவிட்டு உள்ளே போனவர் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்தவரைக்கும் ஒவ்வொரு மே மாதமும் நம்மை பஸ் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார். தெருவில் யாராவது வாயைத் திறந்தால், "நான்தான் அனுப்புறேன், உனக்கென்ன?" என்பாராம். ஊர் வாய்க்குப் பயந்த மனிதர் அவர்.

பிறகு உங்களுக்கு மலைப் பக்கமே மாற்றல் கிடைத்தது. தம்பி குடும்பம் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனதும் நீங்கள் அங்கேயே தங்கினீர்கள். நாங்கள் விருந்தாளிகள் ஆனோம். போன ஐப்பசி மழையில் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் வந்து ஒரு வாரம் உடன் இருந்தேன். ஐம்பது வயது சாகிற வயதா, டீச்சர்? இந்தக் கேள்வியை யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை, அதனால் உங்களிடமே கேட்கிறேன்.

பிளம்ஸைப் பார்த்த மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். ஸ்டெல்லாதான் கதவைத் திறந்தாள். "அப்பா கோயிலுக்குக் கூட வர்றதில்ல அத்தை. அந்த நாற்காலி, இல்லாட்டி கட்டில், அவ்ளோதான்" என்று அடுப்படியில் வைத்து அழுதாள். அண்ணன் பாதியாக இளைத்திருந்தார். "வாங்க தங்கச்சி" என்றவர் பிறகு பேசவில்லை. பேச்சு வராத வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

காலையில் அவரிடம், "ஏரிக்குப் போயிட்டு வருவமாண்ணே?" என்று கேட்டேன்.

"அவ போயி வருசம்கூட ஆகல. சனம் என்ன சொல்லும்?"

என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் வாய் பேசிவிட்டது: "டீச்சர் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாங்க. ஆஸ்பத்திரியில, கடைசி நாள்ல. 'மே மாசம் வந்தா உங்க அண்ணன ஏரிக்குக் கூட்டிட்டுப் போங்க, பாபு அம்மா'ன்னு."

அவர் என் முகத்தையே பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

"கடைசியில அவளுக்குப் பேச்சே வரலையே, தங்கச்சி" என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"ஸ்டெல்லா, குடை எங்க கெடக்குன்னு பாரு" என்றார் அண்ணன். "ரெண்டா எடுத்துக்க. மத்தியானத்துக்கு மேல மழை வரும்."

உங்களிடம் கற்ற பொய்தான், டீச்சர். இன்னும் வேலை செய்கிறது.