தம்பி மூச்சைப் பிடித்த கதை

நெடுந்தீவு கிழக்கு
பெப்ரவரி 9

அன்பு மகள் துசாராவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் சுகம், ஒஸ்லோக் குளிரில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறோம். போனில் கதைத்தால் பக்கத்தில் அம்மாவும் தம்பியும் நிற்பார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி அனுசன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உனக்குத் தடிப்பும் திமிரும், கவனமில்லை என்று அவனை ஏசினாய், பிறகு மூன்று கிழமையாக அவனோடு கதைக்கவுமில்லை. மகள், பிழை என்னுடையது. கடலட்டை பிடிக்க முதன்முதல் காற்றுச் சிலிண்டரோடு இறங்கியவனுக்கு, மேலே வரும்போது மூச்சை விட்டுக்கொண்டே வா என்றுதான் பழக்கியவர்கள் சொன்னார்கள். நான்தான் குறுக்கே போய், உவங்களுக்கு என்ன தெரியும், இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு வா எண்டு சொன்னனான். முப்பது வருஷம் வெறும் மூச்சில் சங்கு குளித்தவன் என்ற மிதப்பு. அவன் என் சொல்லைத் தட்டவில்லை. ஆறு பாகம், முப்பத்தாறு அடி ஆழத்திலிருந்து வந்து வள்ளத்தில் ஏறியதும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு இரத்தம் துப்பினான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர் பிள்ளை ஊசியில்லாத சிரிஞ்சைத் தந்து, அதன் வாயை விரலால் அடைத்துத் தண்டை அமுக்கச் சொன்னது. உள்ளே காற்று ஒடுங்கியது, கையை எடுத்ததும் பெருத்தது. சூடு மாறாமல் அமுக்கம் பாதியானால் கனவளவு இரண்டு மடங்காம், நீ ஏ.எல்.லில் படித்திருப்பாய். சங்கு குளிக்க நான் மேலே இழுத்த மூச்சு கீழே ஒடுங்கி, மேலே வரப் பழைய அளவுக்குத்தான் வரும். அவன் இழுத்ததோ கீழே, மேலே உள்ளதைப்போல் இரண்டு மடங்கு அமுக்கத்துக்குள், நெஞ்சு நிறைய. அது மேலே வரவர இரண்டு பங்காகப் பெருக்க, போகிற வழியை நான் அடைக்கச் சொல்லியிருக்கிறேன். கேட்டதும் அழுதுவிட்டேன். அவனோ, அப்பா, அக்காட்டச் சொல்லாதேங்கோ, உங்களோட கோவிப்பா என்கிறான்.

அந்தச் சிரிஞ்சைக் கேட்டு வாங்கி வந்து இறங்குதுறையில் சிலிண்டர் போடுகிற பெடியங்களுக்குக் காட்டுகிறேன், கிழவனுக்கு விசர் என்று சிரிக்கிறார்கள், ஆனால் ஒவ்வொருவனும் வாங்கி அமுக்கிப் பார்க்கிறான். தம்பியின் நெஞ்சைப் போன கிழமை படம் எடுத்தார்கள், காயம் ஆறிவிட்டது, இனிச் சிலிண்டர் மட்டும் வேண்டாமாம். நண்டு வலைக்குப் போகலாம் என்றிருக்கிறான். நேற்று ஒடியல் கூழ் மூன்று கோப்பை குடித்தான், அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, சாப்பாட்டைத் தவறவிடாதே. மாதா உங்கள் இருவரையும் காப்பாளாக. நீ வழமையாக அவனோடு கதைக்கிற ஞாயிறுகளில், பூசை முடிந்து வந்தால் பொழுதுபடும் வரை அவன் போனைக் கையிலேயே வைத்திருக்கிறான், ஏன் என்று நான் கேட்பதில்லை. எனக்குப் போன் எடுத்து எவ்வளவும் ஏசு, கேட்டுக்கொண்டிருப்பேன். முதல் அவனுக்கு எடு.

உன் அப்பா
ம. யாகப்பு