கீரைப் பொடியைத் தொடாதே, லாவண்யா

பாரிவாக்கம்,
பங்குனி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் லாவண்யாவுக்கு அம்மா யுவராணி எழுதுவது.

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். போன வாரம் கூரியரில் அனுப்பினேனே கீரைப் பொடி, அதைத் தொடாதே. ஒரு சிட்டிகைகூட நாக்கில் வைக்காதே. பாட்டிலோடு கட்டிக் குப்பையில் போடு, மாடு நாய் வாய் வைக்காதபடி போடு. போட்டுவிட்டு வந்து மீதியைப் படி.

உன் முகவரியைக் கொடுத்தது உன் சிநேகிதி கவிப்பிரியாதான். நீ முழுகாமல் இருக்கிறாய் என்று சொன்னதும் அவள்தான். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் அவள் கையைப் பிடித்துக் கேட்டேன். உன் புது நம்பர் அவளிடமும் இல்லை. நேற்றிலிருந்து அவள் இன்டர்நெட்டில் அனுப்பும் மெசேஜ் எதையும் நீ திறக்கவில்லையாம். அதனால்தான் இந்தக் காலத்தில் காகிதமும் பேனாவும்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ போன பிறகு வீட்டில் எனக்குக் கால் தரிக்கவில்லை. பக்கத்துக் காலி மனையில் தெருப் பெண்கள் சேர்ந்து தோட்டம் போட்டோம். நானும் பஞ்சவர்ணமும்தான் அதில் முன்னால் நிற்பவர்கள். அவளை உனக்குத் தெரியும், நம் மனையெல்லாம் வயலாக இருந்தபோது அதில் நாற்று நட்டவள். மருந்து கிடையாது, யூரியா கிடையாது. பூச்சி வந்தால் வேம்பு, நொச்சி, ஆடாதோடை, எருக்கு, ஊமத்தை என்று ஐந்து இலையை இடித்துக் கோமியத்தில் ஊறவைத்துத் தெளிப்போம். அதற்காகவே வேலியோரம் ஊமத்தையை வளரவிட்டோம்.

இந்தப் பங்குனியில் தோட்டத்தைப் பார்த்திருந்தால் நீயே மண்ணில் உட்கார்ந்திருப்பாய். மணத்தக்காளி, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, மூக்கிரட்டை, விதைத்தது பாதி, தானாக முளைத்தது பாதி. எங்கள் பாத்தியில் களை என்று எதுவுமே இல்லை என்று நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். முளைத்த எதையும் பிடுங்க மாட்டோம். எதையும் வீணாக்கவும் மாட்டோம். ஊமத்தையில் இலையை உருவிக்கொண்டு, தண்டும் முள்ளுக்காயுமாக மிஞ்சியதை உரக்குழியில் போட்டோம். அந்த உரத்தைத்தான் மணத்தக்காளிப் பாத்திக்குக் கொட்டினோம். காய்க்குள் விதை இருக்கும், அது மக்காது என்று இத்தனை பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

குருத்தாக இருக்கும்போது மணத்தக்காளி இலையும் ஊமத்தை இலையும் அக்கா தங்கை போல இருக்கிறது, லாவண்யா. நான் ஒவ்வொன்றாகக் கிள்ளவில்லை. உனக்கு அனுப்பப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் கைநிறைய அள்ளிப் பறித்தேன். நிழலில் காயவைத்து, மிளகு சீரகம் சேர்த்து அரைத்தேன். பங்குனியின் முதல் பறிப்பு பறித்தவள் வாயில் படக்கூடாது, முதலில் பிறருக்குத்தான் என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அதனால் நான் ருசிகூடப் பார்க்கவில்லை. உனக்கு ஒரு பாட்டில், தண்ணீர் ஊற்றியவள் என்று பஞ்சவர்ணத்துக்கு ஒரு பாட்டில்.

புதன்கிழமை அவள் அதைச் சூடான சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவள் மகன் அசோக் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் முகம் சிவந்து, வாய் உலர்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "செவுத்துல எறும்பு ஊர்ந்துகினு கீது, தட்டி வுடு, கொயந்த மேல ஏறிடப் போவுது" என்றாள். அந்த வீட்டில் குழந்தையே கிடையாது. எனக்கு உடனே உன் நினைப்புதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஊமத்தை ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஞ்சவர்ணம் இன்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கண் மட்டும் இன்னும் மங்கலாக இருக்கிறதாம். அவள் உழைத்த உடம்பு, தாங்கிவிட்டாள். நீ அப்படியா? உனக்குள் இன்னொன்று இருக்கிறதே.

கொஞ்சமாவது சாப்பிட்டிருந்தால், உடம்புக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. நீ இருக்கும் புனேயில் ஊமத்தையைத் தத்தூரா என்றால் புரியும் என்றார்கள். யார் கொடுத்தது என்று கேட்டால் அம்மா என்று சொல். போலீஸ் கேட்டாலும் மறைக்காதே, என் பேரையும் விலாசத்தையும் கொடு. நாள் பார்க்காதே, வேலையிருக்கிறது என்று உன் வீட்டுக்காரர் கௌதமைக் காத்திருக்கவும் விடாதே.

நீ கௌதமோடு வாசலில் நின்ற அன்று அப்பா கத்தியது உனக்கு மறந்திருக்காது. இவளை அந்த வீட்டுக்கு அனுப்புவதற்குப் பதில் சோற்றில் விஷம் வைக்கலாம் என்றார். தெருவே கேட்டது. அன்றைக்குப் பிறகு எங்களிடமிருந்து உனக்கு வந்த முதல் பார்சல் இது. கௌதமின் அம்மா என்ன நினைப்பார்கள்? நீ என்ன நினைப்பாய்? நேற்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவிடம் இன்று காலையில் எல்லாவற்றையும் சொன்னேன், முகவரி உட்பட. தோட்டத்துக்குப் போய் வேலியோர ஊமத்தையை வெறுங்கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, "நான் எழுதினா அவ கிழிச்சிப் போட்ருவா, நீயே எழுது" என்றார். இதைக் கூரியர் ஆபீஸுக்குக் கொண்டுபோக வாசலில் வண்டியோடு நிற்கிறார்.

என்னை நம்பு என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. நம்ப வேண்டாம், தாயே. பெற்றவளே விஷம் வைத்து அனுப்பினாள் என்று நினைத்துக்கொள், ஊரெல்லாம் சொல், காலத்துக்கும் என் முகத்தில் விழிக்காதே. அப்படி நினைத்தாவது அதைத் தூக்கிப் போடு.

போட்டுவிட்டேன் என்பதற்கு அடையாளமாக என் பழைய நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம். நான் எடுக்க மாட்டேன், சத்தியம்.

நீங்கள் இரண்டு பேரும், வரப்போகிற அந்த உயிரும், நூறு வயது நன்றாயிருக்க வேண்டும்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
அம்மா
யுவராணி