அவுட்பாக்ஸில் பதினொன்று

என்.ஆர். மொகல்லா, மைசூரு
8 ஜனவரி 2025

ஷெர்லிக்கு,

நலம் விசாரிக்கும் வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். பதினொரு மின்னஞ்சல்களில் விசாரித்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இதைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறேன். அட்டையில் உன் கையெழுத்து இருக்க வேண்டும். உன் கணவரின் கையெழுத்து வந்தால், என் சந்தேகம் சரி என்று எடுத்துக்கொள்வேன்.

அம்மாவின் அடக்கத்தன்று, இனி உங்கள் வீட்டுக்குப் போன் செய்யமாட்டேன் என்றேன். அந்த வார்த்தையைக் காப்பாற்றுகிறேன். ஆனால் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அடக்கத்தை நடத்த ஆயருக்கு மூன்று மணியை விட்டால் வேறு நேரம் இல்லை. உங்கள் ரயில் நான்கு மணிக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பா? கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் நடுவே, "ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாமே மச்சான்" என்று உன் கணவர் எரிக் கேட்டதை நான் மறக்கவில்லை.

அப்படி இருந்தும் கல்லறைக் கல்லில் என்ன எழுதலாம் என்று உன்னைத்தான் முதலில் கேட்டேன். மூன்று முறை கேட்டேன். முதல் வருட நினைவு நாள் நெருங்கியதும், பதில் வராத காரணத்தால், என் பெயரை மட்டும் போட்டுக் கல்லை நிறுத்திவிட்டேன். பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. உன் அஞ்சல்களை உனக்கு முன்னால் யாரோ படித்து அழிக்கிறார்கள் என்பது என் முடிவு. யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

தேவநேசன்


திருச்சி
16 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

அட்டையில் என் கையெழுத்துதான். டியூட்டி முடிந்து வரும்போது தபால்காரர் தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டார். "மைசூர்லேர்ந்து ரிஜிஸ்டர் தபால்மா, கோர்ட்டு நோட்டீஸா?" என்றார். அண்ணன் கடிதம் என்றதும் அவருக்கு ஏமாற்றம்.

அண்ணா, உங்களிடமிருந்து ஒரு அஞ்சல்கூட எனக்கு வரவில்லை. சத்தியம். போனும் இல்லை, எழுத்தும் இல்லை என்று நீங்கள் தீர்மானித்துவிட்டதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். கல் வைத்த செய்தியே சித்தி மகள் பெட்டி அனுப்பிய போட்டோவில்தான் தெரிந்தது. "அன்பு மகன் தேவநேசன்" என்று இருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே இன்னொரு பெயர் இருக்கும், போட்டோவில் வெட்டுப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பெட்டியிடம் முழுப் படம் கேட்டேன். அதுதான் முழுப் படம் என்றாள்.

அவர் என் அஞ்சலைத் தொடுவதில்லை. உங்கள் கடிதத்தைக் காட்டினேன். கோபப்படவில்லை. "மச்சான் எதுலேர்ந்து எழுதுறாரு, கேளு" என்று மட்டும் சொன்னார். சொல்லுங்கள். எப்படி எழுதுவீர்கள்?

ஷெர்லி


மைசூரு
23 ஜனவரி 2025

ஷெர்லிக்கு,

விசாரணை நடத்துகிறார் போலிருக்கிறது. சரி, வாக்குமூலம் தருகிறேன்.

பெட்டி இணையத்தில் நம் குடும்பத்துக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறாள் அல்லவா? அதில் உன் பெயரை அழுத்துவேன். எழுதும் ஜன்னல் திறக்கும். உன் முகவரி தானாக நிற்கும். எழுதி அனுப்புவேன். மறைந்துவிடும். கல்லூரியில் இருபத்தாறு வருடமாக வரலாறு நடத்துகிறவனுக்கு ஒரு பொத்தானை அழுத்தத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். கல்லூரி அஞ்சல்களைத் தினமும் பிரவுசரில் பார்க்கிறேன், பதில் போடுகிறேன். எல்லாம் ஒழுங்காகப் போகின்றன. உனக்கு மட்டும் போவதில்லை.

ஒன்று சொல்கிறேன். 2018 கிறிஸ்துமஸுக்கு வந்தபோது இந்தக் கணினியில் உட்கார்ந்து எதையோ ஏற்றிக்கொடுத்தவர் உன் கணவர். உன் பெயரை அழுத்தும்போதெல்லாம் திரையில் ஒரு சிறு கட்டம் வந்து கடவுச்சொல் கேட்கும். நான் கொடுப்பேனா? மூடிவிடுவேன். அவர் போனபின் வீட்டில் கடவுச்சொல் கேட்கும் கட்டம் முளைத்தால் நான் என்ன நினைப்பது?

தேவநேசன்


திருச்சி
31 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணா,

அந்தச் சிறு கட்டத்தைப் பற்றிப் படித்ததும் அவர் சிரித்துவிட்டார். "ஒரு எழுத்து பாக்கியில்லாம எழுதிட்டு, வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சிருக்காரு உங்கண்ணன்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

அவர் சொன்னதை எழுதுகிறேன். நீங்கள் தினமும் பார்ப்பது பிரவுசரில் திறக்கும் மெயில். பெயரை அழுத்தினால் திறப்பது அதுவல்ல. 2018-இல் நீங்கள் கேட்டதால் அவர் ஏற்றிக்கொடுத்த பழைய மெயில் புரோகிராம். பிறகு 2023 மே மாதத்தில் உங்கள் கல்லூரி எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்றியதாமே, பெட்டி சொன்னாள். பிரவுசரில் புதியதைக் கொடுத்தீர்கள். பழைய புரோகிராமுக்குக் கொடுக்கவில்லை. அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பதினொன்றும் வெளியே போகாமல் அதன் அவுட்பாக்ஸில் அப்படியே இருக்கும்.

சரிசெய்யும் வழி இது. பிரவுசரில் உங்கள் மெயிலைத் திறந்துகொள்ளுங்கள். மேலே முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் சின்னதாக இரண்டு சாய்சதுரம் தெரியும். அதை அழுத்தினால், மெயில் இணைப்புகளையெல்லாம் இதிலேயே திறக்கலாமா என்று கேட்கும். அனுமதி கொடுங்கள். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் டீஃபால்ட் ஆப்ஸ். மெயிலுக்கு நேரே பழைய புரோகிராமின் பெயர் இருக்கும். அதை மாற்றி உங்கள் பிரவுசரை வையுங்கள். அவ்வளவுதான்.

இன்னொன்றை அவர் இரண்டு முறை சொன்னார். பழைய புரோகிராமுக்கு மட்டும் இப்போது கடவுச்சொல் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பதினொன்றும் ஒரே நேரத்தில் கிளம்பிவிடும். முதலில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். அனுப்ப வேண்டியதை மட்டும் அனுப்புங்கள்.

ஷெர்லி


மைசூரு
10 பிப்ரவரி 2025

ஷெர்லிக்கு,

நீ எழுதியபடி எல்லாம் செய்தேன். சாய்சதுரம் இருந்தது. உன் பெயரை அழுத்தினால் இப்போது பிரவுசர்தான் திறக்கிறது. அந்த அளவுக்கு உன் கணவர் சொன்னது சரி.

ஆனால் "கடவுச்சொல் மட்டும் கொடுக்காதே" என்று ஒருவர் இரண்டு முறை சொன்னால், அங்கே எனக்குத் தெரியக் கூடாத ஏதோ இருக்கிறது என்றுதான் பொருள். நான் எழுதாமலே எழுதியதாகப் புளுகுகிறேன் என்று நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கலாம். ஆகவே நேற்றுக் காலை பழைய புரோகிராமைத் திறந்து, கடவுச்சொல்லைக் கொடுத்தேன். பதினொன்றும் போய்விட்டன. தேதிகளைப் பார்த்துக்கொள். 2023 ஜூனிலிருந்து இருக்கும்.

போனபிறகு உட்கார்ந்து படித்தேன். எல்லாவற்றையும் ஒரே மனநிலையில் எழுதவில்லை. நீயும் அதை மனதில் வைத்துப் படி.

தேவநேசன்


திருச்சி
2 மார்ச் 2025

அண்ணா,

நீங்கள் கடவுச்சொல் கொடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடக்கும்போது பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பதினொரு முறை.

முதல் மூன்றையும் படித்து அழுதேன். "அம்மா எனக்குச் சொன்னதைவிட உனக்குத்தான் அதிகம் சொல்லியிருப்பார், நீயே வார்த்தைகளைத் தேர்ந்தெடு" என்று எழுதியிருந்தீர்கள். இது மட்டும் அன்று வந்திருந்தால் என்று நினைத்தேன். ஏழாவதில், ஊரார் அம்மாக்களுக்குப் படுக்கை விரிக்க எனக்கு நேரம் இருந்தது என்கிறீர்கள். நர்ஸ் வேலையில் இதைவிடப் பெரிய ஏச்சு கேட்டிருக்கிறேன். அதையும் தாங்கிக்கொண்டேன்.

ஒன்பதாவதை அவரிடம் காட்டவில்லை. "ரயில் நான்கு மணிக்கு வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஆயரிடம் மூன்று மணி கேட்டேன். கடைசி மாதத்தில் வராதவர்கள் கடைசி நாளிலும் வர வேண்டாம் என்று நினைத்தேன்." உங்கள் வார்த்தைகள். யாரும் பதில் போடாத இடத்தில்தான் உங்களால் உண்மை எழுத முடிந்திருக்கிறது.

மல்லிகை மாலையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தேன் அண்ணா. மண்டியா தாண்டியதும் போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ஆயருக்கு நேரமில்லை என்று இரண்டு வருடமாக நானே எல்லோரிடமும் உங்களுக்காகப் பேசியிருக்கிறேன்.

இதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை. எப்போது முடியும் என்றும் தெரியவில்லை. என் பதில் வராவிட்டால் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படாதீர்கள். அவரையும்.

ஷெர்லி


[மின்னஞ்சல்]
மைசூரு, 30 மார்ச் 2025

அன்புள்ள ஷெர்லி,

ஒன்பதாவதில் இருப்பது உண்மை. மாற்றி எழுத ஒன்றும் இல்லை. எரிக்கிடம் நீ காட்டலாம். கல்லறைத் தோட்டத்தில் அவர் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

கல் செதுக்கிய லிங்கப்பனை நேற்றுப் பார்த்தேன். என் பெயரை எடுத்துவிட்டு வேறு மாதிரி எழுத முடியுமா என்று கேட்டேன். "ஆகல்ல சார், முடியாது, கல்லுல வெட்னது வெட்னதுதான். கீழ ஒரு லைன் ஜாகா இருக்குது, அஷ்டே, அவ்ளோதான். தங்கச்சி பேர் ஏன் இல்லன்னு நான் அப்பவே கேட்டேனே, நீங்கதான் கோவிச்சுக்கிட்டீங்க" என்றார். கேட்டது எனக்கும் நினைவிருக்கிறது.

அந்த ஒரு வரியில் என்ன வேண்டும் என்று சொல். உன் பெயராக இருக்கலாம், அம்மா உன்னிடம் சொன்ன ஏதாவதாக இருக்கலாம். ஒன்றும் வேண்டாம் என்றால் அதையும் எழுது.

அண்ணன் தேவநேசன்


[மின்னஞ்சல்]
மைசூரு, 27 ஏப்ரல் 2025

அன்புள்ள ஷெர்லி,

சந்தேகப்படாதே என்றாய். பழக்கம் விடவில்லை. போன அஞ்சல் அனுப்பியவற்றில் இருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது. நம் குடும்பப் பக்கத்தில் பெட்டியின் பெயரை அழுத்தி ஒரு வரி எழுதினேன். பத்து நிமிடத்தில் "வந்துச்சுண்ணா, என்ன விஷயம்?" என்று பதில் போட்டாள். ஆகவே இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. எரிக் செய்து கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை என்று அவரிடம் சொல்.

லிங்கப்பன் மழைக்கு முன் முடித்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், ஊரிலிருந்து வர வேண்டியவர்கள் இருக்கிறார்கள், வரும்வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்