பத்தாவது சொல்

இன்று காலை துறைமுகத்தில் ஒரு பெட்டி உடைந்தது, சேட்டு. பாஸ்ராவிலிருந்து வந்த கப்பல். பேரீச்சம்பழ மூட்டைகளோடு இறங்கிய மரப்பெட்டி ஒன்று கயிற்றிலிருந்து நழுவித் தலைகீழாக விழுந்தது. உள்ளே பன்னீர்ப் புட்டிகள். கரித்தூளும் மீன் கவிச்சியும் மண்டிக் கிடக்கும் இடத்தில் திடீரென்று கல்யாண வீட்டு வாசனை. கூலியாட்கள் சிரித்துக்கொண்டே அதைத் தொட்டு முகத்தில் தடவிக்கொண்டார்கள். எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. இத்தனை வருஷமாக மூட்டை எண்ணிச் சோறு தின்கிறவன், இருபத்து மூன்றா இருபத்து நான்கா என்று தெரியாமல் பென்சிலும் கையுமாக நின்றேன். அந்த வாசனை எனக்கு உங்கள் மாடி அறையின் வாசனை.

உங்களை முதலில் பார்த்ததே ஒரு தகராறில்தான். பெரிய யுத்தம் முடிந்த மறு வருஷம். இராயபுரத்தில் கப்பல்களுக்குக் கயிறும் பிஸ்கோத்தும் மண்ணெண்ணெயும் போடுகிற உங்கள் கடைக்கு, சரக்குச் சீட்டில் கையெழுத்து வாங்க ஒரு சனிக்கிழமை காலையில் வந்தேன். கடை பூட்டியிருந்தது. மாடியில் சத்தம் கேட்டு ஏறினேன். "இன்னிக்கு பேனாவத் தொட மாட்டேன் நைனா. நாளிக்கு வா" என்றீர்கள். நீங்கள் பாக்தாதில் பிறந்த யூதர்; சனிக்கிழமை உங்கள் ஆட்களுக்குப் பேனாகூடத் தொடக்கூடாத ஓய்வுநாள். தமிழோ துறைமுகக் கூலிகளிடம் கற்றது. அந்த முகத்துக்கும் இந்தப் பேச்சுக்கும் ஒட்டவே ஒட்டாது. "ஒரு கோடு கீச்சறதுக்கு ஒரு நாளா? என் வேலை பூடும் சேட்டு!" என்று நான் எகிறினேன். நீங்கள் அசரவில்லை. "வந்தது வந்துட்டே, குந்து. தலப்பாவ எடுக்காதே" என்று பெஞ்சைக் காட்டி, என் கையில் பன்னீர் தெளித்தீர்கள். கையெழுத்து ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது.

அந்த மாடி அறைதான் உங்கள் ஆட்களின் ஜெப வீடு. சாமி எங்கே என்று நான் தேடினேன். மேற்குச் சுவரில் திரை போட்ட ஓர் அலமாரி; அதற்குள் சுருட்டி வைத்த வேதம். அவ்வளவுதான். எல்லாரும் மேற்கே பார்த்து நின்று ஓதினீர்கள், எருசலேம் அந்தத் திசை என்று. இந்தக் கரையில் பிறந்தவன் எதற்கும் கடலைப் பார்த்துத்தான் கும்பிடுவான். நீங்களெல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது எனக்கு வெகுநாள் வேடிக்கையாக இருந்தது.

பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் முழு வழிபாடு. ஒருவர் குறைந்தாலும் அலமாரி திறக்காது, செத்தவர்களுக்கான ஜெபம் கிடையாது. மிச்சத்தை அவரவர் முணுமுணுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். ஒருநாள் உதவி செய்வதாக நினைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று விரலை நீட்டி எண்ணினேன். என் விரலைப் பிடித்து மடக்கிவிட்டீர்கள். "மனுசன அப்டி எண்ணக் கூடாது நைனா. மூட்டையா அது?" உங்கள் வேதத்தில் பத்துச் சொற்கள் உள்ள ஒரு வரி உண்டாம். ஆளுக்கு ஒரு சொல்லாக அதைச் சொல்லிக்கொண்டே போவீர்கள். வரி முடிந்தால் பத்துப் பேர். கேட்டுக் கேட்டு எனக்கும் அது பாடமாகிவிட்டது. பொருள் தெரியாது.

ஊரில் உங்கள் ஆட்கள் ஒன்பது பேர் மிஞ்சியிருந்த காலம் அது. பத்தாவது ஆள் கடலில் இருந்துதான் வரவேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானமானால் துறைமுக வாசலில் வந்து நிற்பீர்கள். "இன்னா நைனா, கப்பல்ல நம்மாளு யாராச்சும் கீறாங்களா?" நானும் மாலுமிகளிடமும் பயணிகளிடமும் கேட்டு வைத்திருப்பேன். சில வாரம் ஒருவர் அகப்படுவார். சனிக்கிழமை நீங்கள் வண்டி ஏற மாட்டீர்கள் என்பதால், அவரைத் துறைமுகத்திலிருந்து நடத்தியே கூட்டிவருவேன்.

பிறகு நான் செய்த அந்த வேலை. இத்தனை வருஷம் கழித்தும் எழுத வெட்கமாக இருக்கிறது.

உங்கள் மனைவி காய்ச்சலில் போன முதல் வருஷ நினைவு நாள், உங்கள் பஞ்சாங்கப்படி ஒரு சனிக்கிழமையில் வந்தது. துக்க ஜெபத்தை அவருக்காகச் சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு மாதமாக அதே பேச்சு. "அன்னிக்கு மட்டும் பத்து ஆளு வந்துடணும் நைனா." அந்த வாரம் பார்த்து ஒரே ஒரு கப்பல். அதில் கரி அள்ளிப் போடுகிற பாஸ்ராக்காரன் ஒருவன் இருந்தான். அரபி பேசினான், தாடி இருந்தது. கிறிஸ்தவன் என்று அவனே சொன்னான். நான் அரைகுறை இந்துஸ்தானியில், "ஒரு மணி நேரம் நில்லு, ஆமென் சொல்லு, நல்ல சாப்பாடு உண்டு" என்று அவனைச் சரிக்கட்டிவிட்டேன். எனக்கு அது பாவமாகத் தோன்றவில்லை. கோயில் கூட்டத்தில் ஒருவன் கூடினால் நல்லதுதானே என்று வளர்ந்தவன். தலைக்கணக்குச் சரியாக இருந்தால் போதும் என்பது என் தொழில் புத்தி.

அவனைப் பார்த்ததும் உங்கள் முகம் எப்படி மலர்ந்தது! பத்தாவது சொல்லை உரக்கவே சொன்னீர்கள். அலமாரி திறந்தது. நீங்கள் எழுந்து துக்க ஜெபத்தைத் தொடங்கினீர்கள், குரல் உடைந்தது, எல்லாரும் ஆமென் என்றார்கள். அந்தப் பாவி பழக்க தோஷத்தில், ஆமென் சொன்ன கையோடு நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டான்.

நீங்கள் பார்த்துவிட்டீர்கள். பாதியில் நிறுத்தினீர்கள். அரபியில் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். அவன் தலை குனிந்து பதில் சொன்னான். புத்தகத்தை மூடி, முத்தமிட்டு, பெஞ்சில் வைத்தீர்கள். அப்போதும் பன்னீர்ச் செம்பை எடுத்து மற்ற விருந்தாளிகளுக்குப் போலவே அவன் கையிலும் தெளித்தீர்கள். சோறும் போட்டீர்கள்.

என்னை மட்டும் படிக்கட்டில் நிறுத்தினீர்கள். "இன்னா நைனா, சாக்கு நெறையணும்னு கல்லப் போட்டியா?"

"உங்களுக்காகத்தான் சேட்டு..."

"எனக்காவத்தான். தெரியும். அவளுக்கு இந்த வருசம் இல்லாமப் பூட்ச்சே." கோபம்கூட இல்லாமல் சொன்னீர்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஐந்து வெள்ளிக்கிழமைகள் நீங்கள் வாசலுக்கு வரவில்லை. ஒவ்வொரு வாரமும் கேட்டைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்தது. ஆறாவது வாரம் வந்தீர்கள். "கப்பல்ல யாராச்சும் கீறாங்களா?" என்று எப்போதும்போலக் கேட்டீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னாருன்னு கேட்டுட்டு இட்டுனு வா. அவ்ளோதான்" என்று என் தோளைத் தட்டினீர்கள்.

அதன் பிறகு ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஒருவர் கல்கத்தாவுக்கு, இன்னொருவர் பம்பாய்க்கு. "நான் பூட்டா எனக்கு யாரு சொல்லுவாங்க நைனா?" என்று ஒருநாள் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து கேட்டீர்கள். "நான் பத்துப் பேரை இட்டாறேன் சேட்டு" என்றேன். நீங்கள் என்னையே பார்த்தீர்கள். "நெஜமான பத்து" என்றேன். அப்போதுதான் சிரித்தீர்கள்.

அந்த வருஷ ஐப்பசி மழையில் நீங்கள் போனபோது ஊரில் ஆறு பேர் இருந்தார்கள். துறைமுகத்தில் இரண்டு கப்பல். மழையில் நனைந்துகொண்டே இரண்டிலும் ஏறி இறங்கினேன். ஒருவர்கூட இல்லை. தாடி வைத்த நாலு பேரைக் காசு கொடுத்துக் கூட்டிவந்து நிறுத்தியிருக்கலாம். அந்த மழையில் யார் பார்க்கப் போகிறார்கள்? நான் செய்யவில்லை. ஆறு பேர் சொல்லக்கூடியதைச் சொல்லி மண்ணைத் தள்ளினார்கள். துக்க ஜெபம் சொல்லப்படவில்லை. நான் தலைப்பாகையோடு எட்டி நின்றேன். என் வாக்கை நான் காப்பாற்றவில்லை, சேட்டு.

நாலு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமைகளில் இன்னும் நான் கேட்கிறேன். கூலியாட்கள் என்னைக் கேலி செய்கிறார்கள்: "கிளார்க்கு, இன்னிக்கும் ஆளு புடிக்கிறியா?" இப்போது ஊரில் மூன்றே பேர். மாடி அறையை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. பன்னீர்ப் பெட்டி உடைந்த அந்தக் கப்பலிலேயே உங்கள் ஆட்கள் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேர்! ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டேன், மறைக்காமல் கேட்டேன், உங்கள் கதையையும் சொன்னேன். அவர்களில் மூத்தவர், பத்து சேர்ந்தால் உங்களுக்கான துக்க ஜெபத்தைத் தானே சொல்வதாக ஒப்புக்கொண்டார். பொழுது சாயும் முன் இராயபுரத்துக்கு அழைத்துவந்தேன். ஏழாவதாக ஒருவன் கூடவே வந்தான், அவர்களோடு சிநேகமாகிவிட்ட பார்சி. நல்ல பையன். "நானும் நிக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டான்.

வேண்டாம் என்று என் பக்கத்தில், படிக்கட்டிலேயே உட்கார வைத்துக்கொண்டேன்.

மேலே ஊர்க்காரர் மூவரும் அந்த ஆறு பேரும் மேற்கே திரும்பி நின்றார்கள். நான் வாய்க்குள் உங்கள் வரியைச் சொன்னேன், ஆளுக்கு ஒரு சொல்லாக. ஒன்பதாவது சொல்லில் ஆட்கள் முடிந்துவிட்டார்கள். அலமாரி திறக்கவில்லை. மூத்தவர் என் பக்கம் திரும்பிக் கையை விரித்தார். நான் தலையசைத்தேன்.

பத்தாவது சொல் என் வாயில் இருக்கிறது, சேட்டு. அடுத்த வெள்ளிக்கிழமையும் வாசலில் நிற்பேன். நிஜமான ஆள் வருகிற வரைக்கும் அதை நான் சொல்ல மாட்டேன்.